மின்னஞ்சலில் வந்த ரெம்கோஸ்: கோப்பை நீக்கினால் போதுமா?

திருப்பூர்க் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்திவருகிறேன். சென்ற வாரம் எங்கள் கணினி ஒன்றில் ஆண்டிவைரஸ் ‘ரெம்கோஸ்’ என்று பெயர் காட்டி ஒரு கோப்பைத் தனிமைப்படுத்தியது. விசாரித்தபோது, அதற்குச் சில நாட்களுக்கு முன் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய முகவரியைப் போலவே தோன்றும் வேறொரு முகவரியிலிருந்து ‘பேமெண்ட் அட்வைஸ்’ என்ற தலைப்பில் ஒரு ஜிப் கோப்பு வந்ததும், உதவியாளர் அதற்குள் பிடிஎஃப் சின்னத்துடன் இருந்ததைச் சொடுக்கியதும், திரையில் எதுவும் திறக்காததால் கோப்பு பழுதானது போலும் என்று விட்டுவிட்டதும் தெரியவந்தன.

இது தொலைவிலிருந்து கணினியைக் கட்டுப்படுத்தும் ட்ரோஜன், அதாவது வேறொன்றாக வேடமிட்டு நுழையும் தீநிரல், என்று இணையத்தில் படித்தேன். எங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் (வெளி இணைப்பு உள்ளே வருவதற்கான வாயில்) நாங்கள் திறந்துவைக்கவில்லை. அப்படியிருக்க வெளியிலுள்ள ஒருவர் உள்ளே எப்படி வர முடியும் என்பது எனக்குப் புரியவில்லை. வங்கிக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் கைப்பேசியில் ஓடிபி வருகிறது. ஆகவே கடவுச்சொல் போயிருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை என்று கொள்ளலாமா? ஆண்டிவைரஸ் நீக்கிவிட்ட பிறகும் ஏதேனும் செய்ய வேண்டுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழைய மோடம்:

வணக்கம் ஐயா. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமே விளங்கிவிடும் என்பதால் அதை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ரவுட்டரில் போர்ட் திறக்கவில்லை என்றால், வெளியிலிருந்து யாரும் தாமாக உங்கள் கணினியுடன் இணைப்பைத் தொடங்க முடியாது என்பது மட்டுமே பொருள். உள்ளேயிருக்கும் கணினி வெளியே இணைவதை அது தடுப்பதில்லை. தடுத்தால் நீங்கள் ஜிஎஸ்டி தளத்தையே திறக்க முடியாது. இந்த வகைத் தீநிரல்கள் அந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன.

தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1998 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் ‘கல்ட் ஆஃப் தி டெட் கௌ’ என்ற குழு, தொலைவிலிருந்து கணினியைக் கட்டுப்படுத்தும் ‘பேக் ஓரிஃபிஸ்’ என்னும் நிரலை வெளியிட்டது. விண்டோஸ் 98 பாதுகாப்பற்றது என்று காட்டுவதே தங்கள் நோக்கம் என அவர்கள் சொன்னார்கள். அந்த நிரல் தொற்றிய கணினியில் 31337 என்ற போர்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, யாராவது வந்து கட்டளை தருவார்கள் என்று காத்திருந்தது. அதே ஆண்டில் ஸ்வீடனில் எழுதப்பட்ட ‘நெட்பஸ்’ என்னும் இதே வகை நிரல் 12345 என்ற போர்ட்டில் காத்திருந்தது. கணினிகள் மோடம் வழியாக நேரடியாக இணையத்தில் நின்ற காலத்துக்கு இது போதுமானதாக இருந்தது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் ரவுட்டர் வந்து, பத்துக் கணினிகள் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் மறைந்ததும் அந்த முறை பயனற்றுப்போனது. அதன் பிறகு வந்தவை திசையை மாற்றிக்கொண்டன: தாக்குபவருடைய சர்வர் காத்திருக்கிறது, தொற்றிய கணினி தானாகவே போய் அதனிடம் ‘நான் வந்துவிட்டேன்’ என்று பதிவு செய்துகொள்கிறது. உங்கள் ரவுட்டரின் கண்ணுக்கு அது மற்றுமோர் இணையதளத்தைப் பார்வையிடுவது போலத்தான் தெரியும்.

அந்தச் சர்வரின் முகவரியை நிரலுக்குள் நிலையான எண்ணாக எழுதிவைத்தால் ஒருநாள் அது முடக்கப்படும். அதனால் நினைத்தபோது வேறு ஐபிக்குத் திருப்பிவிடக்கூடிய டைனமிக் டிஎன்எஸ் பெயர்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக நம்மில் பலரும் பயன்படுத்தும் அதே சேவைகள்தாம் இவை. 2014 ஜூன் இறுதியில், என்ஜேராட் உள்ளிட்ட இரண்டு தீநிரல் குடும்பங்களை ஒடுக்குவதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நீதிமன்ற ஆணை பெற்று ‘நோ-ஐபி’ சேவையின் இருபதுக்கும் மேற்பட்ட டொமைன்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அதில் எந்தத் தவறும் செய்யாத லட்சக்கணக்கானோரின் இணைப்புகளும் சேர்ந்து அறுந்தன; சில நாட்களில் டொமைன்களைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. நல்ல பயன்பாட்டையும் தீய பயன்பாட்டையும் வலையமைப்பு மட்டத்தில் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் உதவியாளர் சொடுக்கியபோது நடந்தது. விண்டோஸ், அறிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை இயல்பாகவே மறைத்துவிடுவதால், ‘.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று முடியும் ஒரு நிரல் பயனரின் கண்ணுக்கு ‘.பிடிஎஃப்’ என்றே தெரியும். முன்பெல்லாம் வேர்டு, எக்செல் கோப்புகளில் மேக்ரோவை (ஆவணத்துக்குள் ஓடும் சிறு நிரல்) வைத்து அனுப்புவார்கள். 2022இல் இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கிய பிறகு, ஐஎஸ்ஓ கோப்பு, ஷார்ட்கட் கோப்பு, ஒன்நோட் கோப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிப்பார்த்தார்கள். சொடுக்கப்படும் அந்த முதல் நிரல் பெரும்பாலும் ட்ரோஜனாகவே இருப்பதில்லை. அது ஒரு சிறிய ஏற்றி. ஆண்டிவைரஸ் அறியாத புது உருவில் வந்து, உண்மையான சரக்கைக் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற யாரும் சந்தேகிக்காத இடத்திலிருந்து இறக்கி, மறையாக்கத்தை நீக்கி, விண்டோஸின் சொந்த நிரல் ஒன்றின் நினைவகத்துக்குள் நுழைத்து ஓடவிடும். டாஸ்க் மேனேஜரில் பார்ப்பவருக்குப் பழக்கமான பெயர் ஒன்றே தெரியும். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் தொடர்ந்து ஓடுவதற்காக, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ‘ரன்’ பகுதியிலோ டாஸ்க் ஷெட்யூலரிலோ தன்னைப் பதிந்துகொள்ளும்.

ஆகவே உங்கள் ஆண்டிவைரஸ் நீக்கியது இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியை என்பது தெரியாமல் ‘நீக்கிவிட்டது’ என்று சொல்ல இயலாது. அக்கணினியின் லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள், வைஃபையையும் நிறுத்துங்கள். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம்.

கண்காணிப்பு அறை:

மேலே எழுதியவர் கூறியவற்றோடு உடன்படுகிறேன். நிறுவனங்களின் வலையமைப்புகளைக் கண்காணிக்கும் பணியில் இருக்கிறேன் என்பதால் ரெம்கோஸ் எங்களுக்கு ஏறக்குறைய அன்றாட விருந்தாளி. அதை ஒரு நிறுவனம் 2016 முதல் முறையான தொலைநிர்வாக மென்பொருள் என்று விளம்பரம் செய்து வெளிப்படையாக விற்றுவருகிறது. செயல்திறன் அளவில் அதற்கும் எனிடெஸ்க் போன்றவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. திரையின் முன் அமர்ந்திருப்பவருக்குத் தெரியாமல் ஓடும்படி அமைக்க முடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இயக்குபவரின் பக்கம் எப்படியிருக்கும் என்பதைச் சொன்னால் உங்கள் ஓடிபி கேள்விக்கு விடை கிடைக்கும். அவருடைய திரையில் தொற்றிய கணினிகள் ஒரு பட்டியலாக நிற்கும்: கணினியின் பெயர், பயனர் பெயர், நாடு, விண்டோஸ் பதிப்பு, அப்போது திறந்திருக்கும் சாளரத்தின் தலைப்பு. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் திரையைக் காணலாம், கோப்புகளை எடுக்கலாம், வைக்கலாம், மைக்கைத் திறந்து அறையில் பேசுவதைக் கேட்கலாம். தட்டச்சு செய்யப்படும் ஒவ்வொன்றும் தனியே பதிவாகும். ரெம்கோஸைப் பொறுத்தவரை அந்தப் பதிவு பெரும்பாலும் ‘லாக்ஸ்.டாட்’ என்ற பெயரில் அதே கணினியில் ஒரு கோப்புறையில் சேர்ந்துகொண்டே இருக்கும். கடவுச்சொற்கள் மட்டுமல்ல, வாட்ஸ்அப் வெப்பில் வாடிக்கையாளருக்கு நீங்கள் அடித்த பதில்கள்கூட அதில் இருக்கும்.

ஓடிபி உங்களைக் காப்பது, திருடிய கடவுச்சொல்லை வேறொரு கணினியில் போட்டுப்பார்ப்பவரிடமிருந்துதான். நீங்களே உங்கள் கணினியில் உள்நுழைந்து, ஓடிபியையும் நீங்களே கொடுத்துவிட்டு, தேநீர் அருந்த எழுந்து சென்றால், அதன் பிறகு அந்தத் திறந்த அமர்வில் இயங்குபவர் நீங்களா வேறொருவரா என்பதை வங்கியின் சர்வரால் எளிதில் அறிய முடியாது. பிரவுசரில் சேமித்துள்ள, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்ததைத் தளத்துக்கு உணர்த்தும் குக்கீகளை எடுத்துச் சென்றால் பல தளங்களில் ஓடிபி கேட்கப்படாமலேயே உள்நுழையலாம்.

உங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களை வைத்திருக்கிறீர்களா? அந்த யுஎஸ்பி டோக்கனிலிருந்து கையொப்பமிடப் பயன்படும் மறைத் திறவுகோலை நகலெடுக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் டோக்கன் செருகப்பட்டே இருந்து, அதன் ‘பின்’ எண் என்னும் இரகசிய எண்ணை நீங்கள் ஒருமுறை தட்டச்சு செய்தும் விட்டால், தொலைவிலிருப்பவர் அதை நகலெடுக்கத் தேவையே இல்லை. உங்கள் கணினியிலேயே கையொப்பமிட்டுவிடலாம். கையொப்பம் சட்டப்படி உங்கள் வாடிக்கையாளருடையது.

யாரோ நம்மைத் தேடி வந்து இதையெல்லாம் செய்வார்களா என்று தோன்றலாம். உங்கள் நிலையில் வந்தது பெரும்பாலும் ஆயிரக்கணக்கானோருக்கு ஒன்றுபோல் அனுப்பிய வலைதான். ஆனால் வலையில் விழுந்தது ஒரு வரி ஆலோசகரின் கணினி என்று பட்டியலில் தெரிந்த பிறகு ஒருவர் நிதானமாக உட்கார்ந்து பார்ப்பார். குறிவைத்துச் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தர்மசாலாவில் நடந்ததே போதும். தலாய் லாமா அலுவலகத்தின் கணினிகளை டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2008இல் ஆராய்ந்து, 2009 மார்ச்சில் ‘கோஸ்ட்நெட்’ என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டார்கள். திபெத்திய அமைப்பு ஒன்று அனுப்பியது போன்ற மின்னஞ்சலில் வந்த வேர்டு ஆவணமே நுழைவாயில். அதை அப்போது 34 ஆண்டிவைரஸ்களில் 11 மட்டுமே அடையாளம் கண்டன. உள்ளே நுழைந்ததும் இறங்கியது ‘கோஸ்ட் ராட்’ என்ற, எவரும் இணையத்தில் இலவசமாகப் பெறக்கூடிய ட்ரோஜன். நார்ட் வில்நெவ் என்னும் ஆய்வாளர் அந்தத் தீநிரல் உருவாக்கிய கோப்புகளில் தென்பட்ட 22 எழுத்துகளைக் கூகுளில் தேடியே கட்டுப்பாட்டுத் தளத்தைக் கண்டுபிடித்தார். அதற்குக் கடவுச்சொல்கூட வைக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பட்டியலில் 103 நாடுகளின் 1,295 கணினிகள் இருந்தன. அவற்றில் இந்தியத் தூதரகங்களும் அடக்கம். தொற்றிய கணினிகள் சராசரியாக 145 நாட்கள் தொற்றுடனேயே இயங்கியிருந்தன. தலாய் லாமாவைச் சந்திக்க வெளிநாட்டு அதிகாரி ஒருவரை அழைத்து மின்னஞ்சல் போன சிறிது நேரத்திலேயே, சந்திக்க வேண்டாம் என்று சீன அரசிடமிருந்து அவருக்குத் தகவல் வந்ததாகவும் கூறப்பட்டது. சீன அரசு தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்துவிட்டது.

சர்வீஸ் சென்டர்:

தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் நாள்தோறும் இத்தகைய கணினிகளைச் சரிசெய்து தருகிறேன். வேறு இரண்டு ஸ்கேனர்களை முழுமையாக ஓடவிட்டு, ஆட்டோரன்ஸ் கருவியில், கணினி தொடங்கும்போது தானாக ஓடுபவற்றின் பதிவுகளைச் சரிபார்த்துவிட்டால் போதும். டாலி கணக்கு மென்பொருளும் வரி மென்பொருள்களும் இருக்கும் கணினியை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் மீண்டும் நிறுவுவது இரண்டு நாள் வேலை. தாக்கல் தேதி நெருங்கும்போது எந்த அலுவலகமும் அதைத் தாங்காது.

பழைய மோடம்:

ஆட்டோரன்ஸ் நல்ல கருவி. ட்ரோஜனைக் கண்டுபிடிக்க நானும் அதைத்தான் திறப்பேன். கண்டுபிடிப்பதற்கும் வேறு எதுவும் இல்லை என்று உறுதி சொல்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ரெம்கோஸ் வழியாக நுழைந்தவர் வேறு எந்த நிரலையும் இறக்கியிருக்கலாம். புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கியிருக்கலாம். எனிடெஸ்க்கையே நிறுவி, கடவுச்சொல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை எந்த ஸ்கேனரும் தீநிரல் என்று காட்டாது. சில நாட்கள் பிறர் கையில் இருந்த கணினியில் அடுத்தவர்களுடைய வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்வதாக இருந்தால், நான் ஃபார்மட் செய்வதையே தேர்ந்தெடுப்பேன். தாக்கல் வேலைக்கு அதுவரை வேறொரு கணினியைப் பயன்படுத்தலாம்.

திருப்பூர்க் கணக்கர்:

விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. டோக்கன்களைப் பற்றிப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது; அக்கணினியில் ஒரு யுஎஸ்பி ஹப்பில் மூன்று டோக்கன்கள் காலை முதல் மாலை வரை செருகியே இருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டேன். ஃபார்மட் செய்துவிடலாம் என்று இருந்தபோது என் மைத்துனர், நாளை எந்த வாடிக்கையாளராவது ‘நான் இந்தக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லவில்லை’ என்று வழக்குத் தொடுத்தால் உன்னிடம் என்ன சான்று இருக்கும் என்று கேட்கிறார். இதற்கு என்ன செய்வது?

தடயவியல் மாணவி:

வணக்கம் ஐயா. உங்கள் மைத்துனர் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஃபார்மட் செய்வதற்கு முன் அக்கணினியின் வட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு புதிய எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸை நிறுவிக்கொள்வது, பழைய வட்டை நகலெடுக்க ஆள் தேடுவதைவிட மலிவானது, விரைவானதும்கூட. பழைய வட்டை எந்தக் கணினியிலும் செருகித் திறந்துபார்க்காதீர்கள். வெறுமனே திறந்தாலே கோப்புகளின் நேரமுத்திரைகள் மாறக்கூடும்.

அந்த வட்டில் என்ன கிடைக்கும் என்றும் சொல்கிறேன். ரெம்கோஸ் தன் அமைப்புகளைத் தன் நிரல் கோப்புக்குள்ளேயே ‘செட்டிங்ஸ்’ என்ற பெயருடைய ரிசோர்ஸ் பகுதியில் ஆர்சி4 முறையில் மறையாக்கம் செய்து வைத்திருக்கும். அதைத் திறக்கும் திறவுகோலும் அதே பகுதியின் தொடக்கத்தில்தான் இருக்கும். ஆகவே அந்தக் கோப்பு ஆண்டிவைரஸின் தனிமைக் கோப்புறையில் இருந்தாலும் போதும், அது எந்தச் சர்வருடன் பேசியது என்பதை ஆய்வாளர் எடுத்துவிடுவார். ‘லாக்ஸ்.டாட்’ மிஞ்சியிருந்தால் எந்தெந்தத் தட்டச்சுகள் பதிவாயின என்பதையும் அறியலாம். தனிமைப்படுத்திய கோப்பை நிரந்தரமாக நீக்கும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

ஒரு கணினியில் இருக்கும் கோப்பு அதன் உரிமையாளர் வைத்ததுதான் என்று கொள்ள முடியாமல் போவதே இந்தத் தீநிரல்களின் மிகக் கொடிய விளைவு என்று நான் கருதுகிறேன். 1999இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை ஆய்வாளர் ஒருவரின் அலுவலகக் கணினியில் சிறார் தொடர்பான ஆபாசப் படங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர் வேலையை இழந்தார், நாட்டைவிட்டே வெளியேறினார். அந்தப் படங்கள் நெட்பஸ் வழியாக வைக்கப்பட்டிருக்கலாம் என்ற அடிப்படையில் 2004இல்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

நம் காலத்தில், மாவோயிஸ்ட் தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டில் செயற்பாட்டாளர்கள் பலர் கைதான பீமா கோரேகான் வழக்கு. அதில் கைதானவர்களின் கணினி நகல்களை அவர்கள் தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்பேரில் ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்னும் தடயவியல் நிறுவனம், அவர்களில் ஒருவரான ரோனா வில்சனின் மடிக்கணினியில் 2016 ஜூனில் ‘நெட்வயர்’ என்னும் ட்ரோஜன் நுழைந்து, அதன் வழியாக ஆவணங்கள் வைக்கப்பட்டதாக 2021இல் கூறியது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்கண்டில் பழங்குடியினரிடையே பணியாற்றிய ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் அவ்வாறே நடந்ததாகவும், 2019 ஜூனில் காவல்துறை அதைக் கைப்பற்றுவதற்கு முதல்நாள்கூடத் தடயங்களை அழிக்கும் வேலை நடந்ததாகவும் 2022 டிசம்பரில் வந்த மற்றோர் அறிக்கை கூறியது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2021 ஜூலையில், ஜாமீன் கிடைக்காமலேயே அவர் இறந்துவிட்டார். இந்த முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. நெட்வயரைப் பொறுத்தவரை, முறையான மென்பொருள் என்ற பெயரில் 2012 முதல் அதை விற்றுவந்த இணையதளத்தை 2023 மார்ச்சில் எஃப்பிஐ கைப்பற்றியது. அதை நடத்தியதாகக் குரோவேஷியாவில் ஒருவர் கைது செய்யப்பட்டார். நான் இவற்றைக் குறிப்பிடுவதற்குக் காரணம், பீமா கோரேகான் வழக்கில் ஏதேனும் சொல்ல முடிந்ததே வட்டின் முழு நகல் கெடாமல் இருந்ததால்தான்.

புகாரைப் பொறுத்தவரை, பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவுசெய்து, ஒப்புகை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்துக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாமதமாகவேனும் அறிவித்துவிடுவது நல்லது.

கண்காணிப்பு அறை:

டோக்கன்கள் பற்றி: மூன்று வாடிக்கையாளர்களிடமும் நேரடியாகச் சொல்லிவிட்டு, சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் அவற்றை ரத்துசெய்து புதியவை கேளுங்கள். பின் எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொல்லக்கூடும். ஏற்கெனவே இடப்பட்டிருக்கக்கூடிய கையொப்பங்களுக்கு அது எந்தப் பயனும் தராது. ரத்துசெய்த தேதி எழுத்தில் இருந்தால் பின்னர் உதவும். கூடவே, அவர்களுடைய ஜிஎஸ்டி கணக்குகளில் வங்கி விவரம், மின்னஞ்சல், கைப்பேசி எண் ஆகியவை மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

திருப்பூர்க் கணக்கர்:

அவ்வாறே செய்கிறேன். வட்டைக் கழற்றி உறையிலிட்டு, தேதியெழுதிக் கையொப்பமும் இட்டு பீரோவில் வைத்துவிட்டேன். இன்னும் ஒன்று மட்டும்: அந்தக் கணினியிலிருந்து டாலி தரவுகளை நாள்தோறும் ஒரு பென்டிரைவில் பேக்கப் எடுத்துவந்தோம். அதைப் புதிய வட்டில் போடலாமா? கடவுச்சொற்களை மாற்ற எந்தக் கணினியைப் பயன்படுத்துவது?

பழைய மோடம்:

டாலியின் தரவுக் கோப்புறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே பென்டிரைவில் இருக்கும் இன்ஸ்டாலர், ஷார்ட்கட், யாரோ கொடுத்த கருவி எதையும் தொடாதீர்கள். என்ஜேராட் போன்ற சில வகைகள் யுஎஸ்பி வழியாகவும் பரவும் என்பதால், முதலில் புதிய விண்டோஸில் ஆண்டிவைரஸைப் புதுப்பித்துவிட்டு, கோப்புப் பின்னொட்டுகள் தெரியும்படி அமைப்பை மாற்றிவிட்டு, அதன் பிறகே செருகுங்கள். டாலியையும் வரி மென்பொருள்களையும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

கடவுச்சொற்களை அந்த அலுவலகத்தின் மற்றக் கணினிகளில் மாற்ற வேண்டாம். அவையும் அதே வலையமைப்பில் இருந்தவை, இன்னும் சரிபார்க்கப்படாதவை. உங்கள் கைப்பேசியில், அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனெனில் மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதன் வழியாக மீட்க முடியும். அடுத்து வங்கி, பிறகு ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்கள். ஒவ்வொன்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். இல்லையென்றால் திருடிய குக்கீ தொடர்ந்து செல்லுபடியாகக்கூடும். மின்னஞ்சலில் யாராவது தானியங்கி ஃபார்வர்டிங் விதி எழுதிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள்.